சந்திரகலா மேடம் திருப்பி அனுப்பிய குற்றப்பத்திரிகை

செவ்வாய்க்கிழமை காலை ரயில்வே கேட்டில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தபோது, நீதிமன்றத் தலைமை எழுத்தர் போன் செய்தார். "சார், நம்ம மேடம் போயிட்டாக. மாரடைப்பு." கேட் திறந்தது. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தும் என்னால் வண்டியை எடுக்க முடியவில்லை.

அரசு உதவி வழக்கறிஞர் சந்திரகலாவை அறிந்தவர்களும், அவர்மேல் கோபப்பட்டவர்களும் நம்மில் பலர். ஓய்வுபெற்ற காவல் ஆய்வாளரான நான் இரண்டிலும் உண்டு.

என் அப்பா ஏட்டு. அந்தக் காலத்தில் கீழ்க்கோர்ட்டில் போலீஸ் அதிகாரியே எழுந்து வழக்கு நடத்துவார் என்று சொல்வார். பிறகு அந்த வேலை தனித் துறைக்குப் போனது. ஆனாலும் வழக்கு எங்களுடையது என்ற நினைப்பு எங்களை விட்டுப் போகவில்லை. முதல் சந்திப்பிலேயே மேடம், "நான் போலீஸுக்கு வக்கீல் இல்ல, இன்ஸ்பெக்டர்" என்றார். திமிர் என்று நினைத்தேன்.

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறை வெடித்து மூன்று பெண்கள் இறந்தார்கள். நான் எழுதிய குற்றப்பத்திரிகை வரைவில் போர்மேன் ஒருவர்தான் குற்றம் சாட்டப்பட்ட எதிரி. சரிபார்ப்பதற்காக மேடத்தின் அறைக்கு அதை எடுத்துப் போனேன். வெடிவிபத்தில் தப்பிய முத்துமாரி, வழக்கு என்னவாயிற்று என்று கேட்க அங்கே வந்திருந்தார். கையில் கட்டு. அவருடைய வாக்குமூலத்தை மேடம் வாசித்துக் காட்டினார்.

"நான் சொன்னது இம்புட்டுத்தானாம்மா?" என்றார் முத்துமாரி. "வெயில் ஏறிருச்சு, நிப்பாட்டிருவோம்னு போர்மேன் அண்ணாச்சி சொன்னாரு. மொதலாளிதான் லோடு ஏத்தணும்னு வெரட்டுனாக. இந்தா நிக்காகளே, இவுககிட்டதான் அம்புட்டையும் சொன்னேன்."

மேடம் என்னைப் பார்த்தார். "சொன்னாகளா?"

வரைவைப் பார்த்தபடியே "சொன்னாக" என்றேன்.

வாக்குமூலம் முழுமையாக இல்லை என்று எழுதி மேடம் வரைவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்றே உயரதிகாரி என்னிடம் கத்தினார். "அந்தம்மாவை வேற ஊருக்குத் தூக்க முடியாதா?"

"அவங்க நம்ம துறை இல்லை, சார்."

பயந்துகொண்டேதான் சொன்னேன். சொன்னதும் ஏனோ நெஞ்சு லேசானது.

மறுநாள் மாலை ஆலைக்காரரின் ஆட்கள் இரண்டு கார்களில் வந்து மேடம் வீட்டெதிரே நிற்பதாகத் தகவல் வந்தது. போனேன். கதவைத் திறந்தவர், "எதுக்கு வந்தீக? காவலுக்கா, கையெழுத்து வாங்கவா?" என்றார்.

"காவலுக்கு, மேடம்."

"அப்ப வாசல்ல நில்லுங்க."

நின்றேன். கார்களில் இருந்தவர்களில் இரண்டு பேர் எனக்குத் தெரிந்தவர்கள். ஒருவன் இறங்கி வந்து, "நீங்களுமா சார்?" என்றான். நான் வாசற்படியை விட்டு நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கார்கள் கிளம்பின.

அடுத்த நாள் முத்துமாரி சொன்னதை ஒரு வரி விடாமல் பதிவு செய்தேன். போர்மேன் சாட்சியானார். முதலாளி முதல் எதிரியானார்.

அந்த வழக்கு இன்னும் நடக்கிறது. சீக்கிரமே என்னைக் குறுக்கு விசாரணை செய்வார்கள். முதல் வரைவில் முதலாளி பெயர் ஏன் இல்லை, யார் சொல்லி அதை விட்டுவிட்டீர்கள் என்று கேட்பார்கள். என்ன சொல்ல என்று போன மாதம் மேடத்திடம் கேட்டேன்.

"உள்ளதச் சொல்லுங்க. உங்களக் காப்பாத்த நான் எந்திரிக்க மாட்டேன்."

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பதில்தான். அதோடுதான் சாட்சிக் கூண்டில் ஏறப்போகிறேன்.