இறவல் தரப்படாது

புத்தகத்தின் உள்ளட்டையில், இது இன்னாருடையது என்று படம் போட்டு ஒட்டுகிற சீட்டு ஒன்று உண்டு. பழைய சீட்டுகளைச் சேர்ப்பதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. எங்கள் ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதிய கிராணியின் மகன் அதில் ஒருவர். ஓய்வு பெற்ற லாயர். கோலா சிலாங்கூரில் ஒரு மண்டபம் பிடித்து, தான் சேர்த்ததையெல்லாம் பார்வைக்கு வைத்திருந்தார். எனக்கு அந்தக் குடும்பத்தையே பிடிக்காது. அதை மறைத்துக்கொண்டு எழுத எனக்கு வராது.

நான் போனது அப்பாவுக்காக. அவர் தோட்டத்தில் பெயர்ப்பலகை எழுதியவர். கிராணிக்குச் சீட்டு வரைந்து கொடுத்ததும் அவர்தான். ஒரு ரப்பர் மரம், அதனடியில் விரித்த புத்தகம், கீழே ஒரு வரி எழுத்து. அச்சாகி வந்ததைக் கிராணி அவர் கண்ணில்கூடக் காட்டவில்லை. செத்துப்போவதற்குள் அதைப் பார்க்க வேண்டும், பக்கத்தில் தன் பெயர் இருக்க வேண்டும் என்று எங்கள் ஊரான அசாம் ஜாவாவிலிருந்து வழியெல்லாம் காரில் சொல்லிக்கொண்டே வந்தார்.

துரைமார் சீட்டுகளில் சிங்கம், கேடயம், இன்னும் என்னென்ன எழவெல்லாமோ. வரைந்த வெள்ளைக்காரர்களின் பெயர்களைப் பக்கத்து அட்டையில் லாயர் அழகாக எழுதி வைத்திருந்தார். அப்பாவின் ரப்பர் மரத்துக்கு மட்டும் ‘வரைந்தவர்: தெரியவில்லை’. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வரைந்தவர் இதோ நிற்கிறார், பெயரை எழுதுங்கள் என்றேன்.

லாயர் அப்பாவை மேலும் கீழும் பார்த்தார்.

“ஓ, அந்த ‘இறவல்’ ஆளு நீங்கதானா?”

அப்படியானால் தெரியவில்லை என்று எழுதியது பச்சைப் பொய். சீட்டைக் குனிந்து பார்த்தேன். ‘இறவல் தரப்படாது’ என்றிருந்தது. இரவலுக்குச் சின்ன ர. அப்பா பெரிய ற போட்டிருந்தார்.

“எங்க அப்பாவுக்கு அப்பவே தெரியும்லா. வேணும்னே திருத்தாம அச்சுக்குக் கொடுத்தாரு. வீட்டுக்கு வர்றவங்ககிட்ட காட்டிச் சிரிப்போம்” என்றார்.

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அப்பாவின் முகம் சுண்டிப்போனது. தன் கையெழுத்தைப் பெரிய வீட்டில் மெச்சியிருப்பார்கள் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்த மனிதர். அந்த லாயரின் கன்னத்தில் ஒன்று வைக்க வேண்டும்போல இருந்தது.

சிரித்து முடித்ததும் லாயருக்குத் தாராள மனசு வந்துவிட்டது. சரி, பெயரைப் போட்டுவிடலாம் என்று பேனாவை எடுத்தார்.

“போடுங்கய்யா” என்றார் அப்பா. “பக்கத்துலயே இன்னொண்ணும் எழுதுங்க. கிராணிகிட்ட படிக்க ஒரு புத்தகம் கேட்டான், கொடுக்கலன்னு எழுதுங்க. கொடுத்திருந்தா எந்த ர போடணும்னு எனக்கும் தெரிஞ்சிருக்கும்.”

லாயர் பேனாவை மூடினார். நான் அதை அவர் கையிலிருந்து பிடுங்கி, அட்டையில் இரண்டையும் எழுதினேன்.