தோர்டிஸ் வாங்கிய துப்பாக்கி

ஓட்வார் தீவை விட்டுப் போன அன்று அவனுடைய துப்பாக்கிப் பெட்டிக்கு அடையாளச் சீட்டு ஒட்டியது தோர்டிஸ்தான். வடதுருவத்தை ஒட்டிய எங்கள் ஊரான லாங்யேர்பியனின் விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை வாங்கிப் போடுவது எங்கள் இருவருக்கும் வேலை. நான் பக்கத்து மேசையில் இருந்தேன். என்னிடம் வந்துவிடு என்று அவனுக்குக் கையைக் காட்டினேன். அவன் வரவில்லை. பதினைந்து வருடம் கூட வாழ்ந்தவளின் வரிசையிலேயே போய் நின்றான்.

"உள்ள தோட்டா ஏதும் இருக்கா?" என்று கேட்டாள். எல்லோரிடமும் கேட்டாக வேண்டிய கேள்வி.

"இல்ல."

"போல்ட்டைக் கழட்டியாச்சா?"

"கழட்டிட்டேன், தோர்டிஸ்."

சீட்டை ஒட்டினாள். அது சுருங்காமல் இருக்க விரலால் இருமுறை தடவினாள். பிறகு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

அவர்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. நாட்டின் தென்பகுதியில் ஓட்வாரின் மகளுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்திருந்தன. அவனுக்கும் மரங்களைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. தோளில் எதுவும் தொங்காமல் காட்டுக்குள் நடக்க வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நீயும் வா என்று ஒருமுறை கேட்டான். வரவில்லை என்று அவளும் ஒருமுறை சொன்னாள். ஆறு மாத வேலைக்கென்று முப்பது வயதில் இங்கே வந்தவள் அவள். வந்து இருபத்திரண்டு வருடமாகியிருந்தது.

போனது ஓட்வார் மட்டுமல்ல, அந்தத் துப்பாக்கியும்தான் என்பது அவளுக்கு மே மாதத்தில்தான் உறைத்தது. எங்கள் ஊரின் எல்லையில் வெண்கரடி படம் போட்ட பலகை நிற்கிறது. அதைத் தாண்டினால் கையில் துப்பாக்கி வேண்டும். பதினைந்து வருடமும் அதை ஓட்வார்தான் சுமந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் முன்னால் நடப்பான், இவள் பின்னால். உரிமம் அவன் பெயரில் இருந்ததால் அதை விட்டுவிட்டுப் போகவும் வழியில்லை. இப்போது ஞாயிறுதோறும் அவள் பலகைவரை நடந்துபோய், கொஞ்ச நேரம் நின்று, திரும்பி வந்தாள். இரவும் பகலும் சூரியன் மறையாத காலம் அது. பள்ளத்தாக்கு முழுவதும் வெளிச்சமாகக் கிடந்தது. அவளால் உள்ளே போக முடியவில்லை.

"எங்ககூட வாயேன். சனிக்கிழமை எட்டுப் பேர் போறோம்" என்று நான்தான் கூட்டிப்போனேன்.

பாதி வழியில் என் பக்கம் சாய்ந்து, "யூருன், இவங்க வாயை மூடவே மாட்டாங்களா?" என்றாள்.

"கரடி கேட்டுட்டு ஓடட்டும்னுதான் பேசுறோம்."

"கரடியா இருந்தா நானும் ஓடிருப்பேன்."

அதற்குப் பிறகு எங்களோடு வரவில்லை. அவள் போக விரும்பிய இடம் கோல்ஸ் விரிகுடா. இரண்டு மலைகளுக்கு அப்பால், கடலோரத்தில் ஒரு பழைய மரக்குடில் இருக்கிறது. கோடையில் அவனும் அவளும் அங்கே இரண்டு மூன்று நாள் தங்குவார்கள். அங்கே என்ன செய்வீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "ஒண்ணுமில்ல. அவன் வலை போடுவான். நான் சும்மா உக்காந்திருப்பேன்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஜூன் முதல் வாரத்தில் ஸ்டாய்னாரின் கடைக்குப் போனாள். ஸ்டாய்னார் முப்பது வருடம் நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தவர். அது மூடப்பட்ட பிறகு துப்பாக்கி விற்கிறார். விற்கிற நேரத்தைவிட வேண்டாம் என்று சொல்கிற நேரம்தான் அதிகம். துணைக்கு வா என்றதால் நானும் போயிருந்தேன்.

தோர்டிஸ் முதலில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பெரிய ரிவால்வரைக் காட்டினாள். இடுப்பில் செருகிக்கொண்டால் தோள் சும்மா இருக்குமே என்றாள்.

"இருக்கும். ஏம்மா, அதை வச்சு உன்னால ஒரு வாளியை அடிக்க முடியுமா? நின்னுட்டிருக்கிற வாளியை?"

"பழகிக்கலாம்."

"பழக ரெண்டு வருஷம் ஆகும். கரடிகிட்ட தேதி சொல்லி வை."

அடுத்து, நீளமான தொலைநோக்கி பொருத்திய ஒன்றைத் தொட்டாள். ஸ்டாய்னார் தலையை ஆட்டினார். "இது மான் சுடுறவனுக்கு. கரடி உன்மேல வர்றப்போ முப்பது மீட்டர்தான் இருக்கும். இதுக்குள்ள கண்ணை வச்சா வெறும் மயிர்தான் தெரியும். தலையா பின்பக்கமான்னு நீ கண்டுபிடிக்கிறதுக்குள்ள அது உன்னைக் கண்டுபிடிச்சிரும்."

பிறகு அவள் சுவரோரம் போனாள். அங்கே பழைய போர்க்கால மவுசர் ஒன்று நின்றது. ஓட்வாருடையதும் அதே வகை. எடுத்தாள். அதன் பின்பக்க மரக்கட்டையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். எண்ணெயும் பழைய மரமும் கலந்த அந்த வாடை எனக்கே தெரிந்தது.

"இது" என்றாள்.

"தோள்ல வை பாக்கலாம்."

வைத்தாள். கட்டை அவள் கைக்கு நீளம். அடுத்த தோட்டாவை ஏற்ற போல்ட்டை இழுக்கும் ஒவ்வொரு தடவையும் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்க வேண்டியிருந்தது. குழல் மெல்லத் தரையைப் பார்த்துச் சாய்ந்தது.

"இது உனக்கு ஆகாது."

"எனக்கு இதுதான் வேணும்."

"தோர்டிஸ், நீ துப்பாக்கி வாங்க வந்தியா, ஓட்வாரை வாங்க வந்தியா? அந்தச் சரக்கு என்கிட்ட இல்ல."

கேலியாகத்தான் சொன்னார். அவள் மவுசரை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். ஸ்டாய்னார் என்னைப் பார்த்தார். "நான் நல்லதுக்குத்தானே சொன்னேன்?" என்றார். நான் அவள் பின்னால் ஓடினேன்.

அன்று மாலை அவள் ஓட்வாருக்கு ஃபோன் செய்தாள். நான் அவள் சமையலறையில் காபி போட்டுக்கொண்டிருந்தேன். ஃபோனை மேசையில் வைத்து, சத்தமாகக் கேட்கும்படிதான் பேசினாள்.

"என்னோடது மாதிரி வாங்காத" என்றான் அவன், விஷயத்தைக் கேட்டதும். "அது எனக்கே கனம். உன் முன்னாடி சொல்ல வெக்கப்பட்டு பதினஞ்சு வருஷம் தூக்கினேன்."

"பொய்."

"நிஜமா. இடது தோள் இப்பவும் வலிக்குது."

அவள் சிரித்தாள். காட்டில் நடப்பது எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

"நல்லா இருக்கு. எல்லாப் பக்கமும் மரம். ஒண்ணும் தெரியாது, ரெண்டு மரத்துக்கு அப்புறம்." பிறகு அவனே தொடர்ந்தான். "அப்பப்போ திரும்பிப் பாக்குறேன். நீ எவ்வளவு தூரத்துல வர்றேன்னு."

தோர்டிஸ் ஃபோனின் மேல் உள்ளங்கையை வைத்தாள், அது சூடான பாத்திரமா என்று தொட்டுப் பார்ப்பது போல. நான் காபியோடு வெளி அறைக்குப் போய்விட்டேன்.

அடுத்த வாரம் அவளே ஸ்டாய்னாரின் கடைக்குப் போனாள். இந்த முறை அவர் அதிகம் பேசவில்லை. குழல் குட்டையாக இருந்த ஒரு ரைஃபிளை எடுத்து, அவள் கைக்கு அளந்து, கட்டையில் இரண்டு விரற்கடை அறுத்துக் கொடுப்பதாகச் சொன்னார். தொலைநோக்கி கிடையாது, எளிய குறிமுள்தான். கரடியை வெளிச்சத்தாலும் ஓசையாலும் விரட்டும் வெடித்துப்பாக்கி ஒன்றையும் கூட வைத்தார். "முதல்ல இது. அதுக்கும் போகலேன்னாத்தான் அது. வரிசையை மாத்தினா ஆளுநர் ஆபீசுக்கு நீதான் பதில் சொல்லணும், கரடி சொல்லாது."

அனுமதி வர மூன்று வாரம் ஆனது. அதுவரையும் அதற்குப் பிறகும் வேலை முடிந்ததும் சுடும் திடலுக்குப் போய் ஸ்டாய்னாரின் மேற்பார்வையில் பழகினாள். தடித்த கையுறையோடு சுட்டாள். நூறு அடி ஓடி, மூச்சிரைக்கச் சுட்டாள். சேற்றில் முழங்காலிட்டுச் சுட்டாள். வலது தோள் நீலம் பாய்ந்திருந்தது. பெட்டி தூக்கும்போது முகத்தைச் சுளித்தாள். ஜூலை கடைசியில் நான்கு குண்டுகளும் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்குள் விழுந்தன. ஸ்டாய்னார் குறி அட்டையைக் கழற்றி அவளிடமே கொடுத்தார். "இனிமே ஒரு துப்பாக்கியோட நீ தனியா போகலாம். ஆனா போகாதேன்னுதான் நான் சொல்வேன்."

"தெரியும்" என்றாள்.

ஆகஸ்ட் இரண்டாம் ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கிளம்பினாள். எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவாள் என்று எழுதி என் கதவில் ஒட்டியிருந்தாள். அவள் பலகையைத் தாண்டியதை நான் பார்க்கவில்லை. பிற்பாடு அவள் சொன்னதுதான்.

முதல் ஒரு மணி நேரம் பயம். ஒவ்வொரு வெள்ளைப் பாறையும் எழுந்து நடக்கப் போவது போலிருந்தது. ஒரு கலைமான் தலையைத் தூக்கியபோது கை தானாகவே துப்பாக்கி வாரைப் பிடித்தது. அதற்குப் பிறகு வேறொன்று நடந்தது. பள்ளத்தாக்கு எவ்வளவு அகலம் என்று அன்றுதான் தெரிந்ததாம். இத்தனை வருடமும் அதன் நடுவில் ஓட்வாரின் முதுகு இருந்தது. அவனுடைய பச்சைச் சட்டையின் இரண்டு பக்கத்திலும்தான் அவள் மலைகளைப் பார்த்திருந்தாள். "இவ்வளவு இருந்திருக்கு, யூருன். எனக்குத் தெரியவே இல்ல. சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ஆனா அந்தச் சட்டை இருந்த இடத்துல ஒண்ணுமே இல்ல."

நண்பகலில் இரண்டாவது மலையின் கணவாயை ஏறினாள். கீழே கோல்ஸ் விரிகுடா தெரிந்தது. குடில் தெரிந்தது. குடிலின் தெற்குச் சுவரோரம், வெயிலில், ஒரு தாய்க்கரடி படுத்திருந்தது. அதன் வயிற்றருகே ஒரு குட்டி.

தோர்டிஸ் பாறையின் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். எப்படியும் ஒரு கிலோமீட்டர் தூரம். காற்று கடலிலிருந்து அவளை நோக்கி வந்தது. கரடிக்கு அவள் இருப்பதே தெரியாது. வெடித்துப்பாக்கியை வெடித்தால் எழுந்து போய்விடும் என்று ஒரு கணம் தோன்றியது. ஆளைத் தொந்தரவு செய்யாத கரடியை விரட்டுவது இங்கே குற்றம். அதனால் மட்டுமல்ல, மனம் வரவில்லை என்றாள். பைனாகுலரில் பார்த்தபோது, குட்டி சுவரில் முன்காலை வைத்து நின்று சன்னலுக்குள் பார்த்தது. பிறகு விழுந்தது. மறுபடி நின்றது. கட்டிக்கொண்டு வந்திருந்த ரொட்டியும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் தின்றபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரைஃபிள் மடியில் கிடந்தது. தோட்டாவை அறைக்குள் ஏற்றவில்லை.

அரை மணி நேரம் கழித்து எழுந்து, வந்த வழியே திரும்பினாள். சாயங்காலம் என் கதவைத் தட்டினாள். கால்களைக் கூடக் கழுவவில்லை.

"குடிலுக்குப் போனியா?"

"பாத்தேன். போகல."

விவரத்தை ஆளுநர் அலுவலகத்துக்குச் சொன்னோம். அந்தத் தாயும் குட்டியும் மூன்று வாரம் அங்கேயே இருந்தன. விரிகுடாப் பக்கம் யாரும் போக வேண்டாம் என்று அறிவித்தார்கள். அதற்குள் மேலே புதுப்பனி விழுந்துவிட்டது. அந்த வருடம் குடில் அவளுக்குக் கிடைக்கவில்லை.

செப்டம்பரில் எங்கள் நிர்வாகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. தெற்கே ஒரு விமான நிலையத்தில் இடம் காலி, விருப்பம் உண்டா இல்லையா என்று படிவத்தில் எழுதித் தர வேண்டும். ஓட்வாரின் ஊரிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் இருந்தது அது. தோர்டிஸ் அந்தப் படிவத்தை இரண்டு வாரம் சட்டைப் பையில் வைத்திருந்தாள். ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் அதில் ‘விருப்பமில்லை’ என்று எழுதி என்னிடம் கொடுத்தாள்.

"ஏன்டி?" என்றேன். "அவனும் உன்னை நினைச்சிட்டுத்தானே இருக்கான்?"

"இருக்கான். நானும்தான்." அவள் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தாள், அதில் அவள் சர்க்கரை போடுவதில்லை. "அங்க போனா இந்த மலைக்கு ஏங்குவேன். இங்க இருந்தா அவனுக்கு ஏங்குறேன். அவன்கிட்ட ஃபோன்லயாவது பேசலாம். மலைக்கு யார் ஃபோன் போட்டுக் குடுப்பா?"

படிவத்தைக் கொண்டுபோய் அலுவலகத்தில் கொடுத்தேன். அந்த ஞாயிறு அவள் வேறொரு பள்ளத்தாக்குக்குப் போனாள். இம்முறை என்னையும் அழைத்தாள், வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. நான் மூன்று மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் பேசவில்லை. ஒரே ஒருமுறை நின்று, முன்னால் போகும் யாரிடமோ சொல்வது போல, "பனி நல்லா கெட்டியா இருக்கு" என்றாள். என்னிடம் சொல்லவில்லை என்று தெரிந்ததால் நான் பதில் சொல்லாமல் நடந்தேன்.