ரைட் கொடுக்க மறுத்த கண்டக்டர்

ஊரையே "போலாம் ரைட்" என்று சொல்லி அனுப்பிவைத்த வாய் அது. கல்யாணத்துக்குப் போனவர்களையும் பிரசவத்துக்குப் போனவர்களையும், வேலை கிடைத்துத் துள்ளிக்கொண்டு போனவர்களையும் வேலை போய்த் தலை குனிந்து போனவர்களையும் ஒரே குரலில் வழியனுப்பிய வாய். அந்த வாய் இப்போது பெற்ற மகளுக்கு மட்டும் அந்த இரண்டு வார்த்தைகளைத் தரமாட்டேன் என்று பூட்டிக்கொண்டு கிடந்தது. இதைவிடக் கொடுமை உண்டா?

கார் மலை ஏறிக்கொண்டிருந்தது. கண்டக்டர் பின் சீட்டின் இடது ஓரத்தில் சாய்ந்திருந்தார். முன் சீட் காலிதான். ஆனால் வேலை பார்த்த காலமெல்லாம் பஸ்ஸின் பின்பக்கமே நின்று பழகிய மனிதர். முன்னால் உட்கார்ந்தால் யார் வீட்டுக்கோ விருந்தாளியாகப் போனதுபோல் கூச்சமாக இருக்கிறது என்பார். தலையைச் சுற்றிப் பச்சை மஃப்ளர். சட்டைப் பையில் விசில். ஓய்வு பெற்ற அன்று தோல் பையையும் டிக்கெட் மிஷினையும் டிப்போவில் ஒப்படைத்தவர், விசிலை மட்டும் "இது என் எச்சில், வேற எவன் ஊதுவான்?" என்று சொல்லித் தன்னோடு கொண்டுவந்துவிட்டார்.

ஓட்டிக்கொண்டிருந்தவள் அவருடைய ஒரே மகள். டிப்போவில் அவளுக்கு ஸ்டெப்னி என்று பெயர். பள்ளிக்கூடம் லீவு விட்டால் போதும், அப்பாவின் பஸ்ஸில் ஏறி, மாற்று டயர் மாதிரி அவர் முதுகுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு திரிவாள். "என்ன கண்டக்டரே, ஸ்டெப்னியும் டூட்டிக்கு வந்தாச்சா?" என்று யாரோ கேட்கப் போய் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. வீட்டிலும் அதே கூத்துதான். கட்டில்தான் பஸ். சாப்பாட்டுத் தட்டுதான் ஸ்டீயரிங். அப்பா கட்டில் சட்டத்தில் இரண்டு தட்டுத் தட்டி "போலாம் ரைட்" என்றால்தான் வண்டி நகரும், வாயில் இருக்கும் கவளமும் இறங்கும்.

அந்த விளையாட்டு இப்படி வினையாகும் என்று அவர் கண்டாரா? ஸ்டெப்னி வளர்ந்தாள். பள்ளிக்கூட வேன் ஓட்டினாள். கனரக வாகன லைசென்ஸ் எடுத்தாள். பஸ் டிரைவர் வேலைக்கு எழுதிப்போட்டாள். வேலையும் வந்தது. வந்த வேலை எங்கே என்றால், மலை டிப்போவில்! திங்கட்கிழமை அங்கே போய்ச் சேர வேண்டும். வேண்டாமென்றால் ஊரிலேயே ஆபீஸ் நாற்காலி ஒன்று இருக்கிறது என்றும் சொல்லியிருந்தார்கள்.

கண்டக்டர் ஒரு வாரம் பேசவில்லை. கடைசியில் மகளே வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்பா, ரெண்டு நாள் என்கூட மலைக்கு வாங்க. நான் ஓட்டறதைப் பாருங்க. உங்க வாயால போலாம் ரைட்னு சொன்னா வேலைக்குப் போறேன். சொல்லலேன்னா ஆபீஸ் நாற்காலிதான். மறுபேச்சுப் பேசமாட்டேன்."

சரி என்றார். ஆனால் பாவி மனிதர், தீர்ப்பை முன்கூட்டியே மனசுக்குள் எழுதி முடித்துவிட்டுத்தான் காரில் ஏறினார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மலை ரூட்டில் ஒரு நாள் இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. டிரைவர் பதறாமல் பஸ்ஸை மலைப்பக்கம் ஒடித்து, பாறையோடு பாறையாக உரசி உரசியே நிறுத்தினார். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. இறங்கிய ஜனம் டிரைவர் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தது. ஆனால் பாறையில் தகரம் கிழிந்த அந்தச் சத்தம் கண்டக்டரின் காதை விட்டுப் போகவே இல்லை. அடுத்த வாரமே தரை ரூட்டுக்கு மாற்றிக்கொண்டார். காரணத்தைக் கட்டிய மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. பெற்ற வயிறு என்று தாயைச் சொல்கிறார்களே, தகப்பனுக்கு மட்டும் என்ன இரும்பாலா நெஞ்சு?

ஆகவே மலை ஏறத் தொடங்கியதும் கண்களை இறுக மூடிக்கொண்டார். மகள் ஓட்டுவதைப் பார்க்க வந்தவர், இதுவரை ஒரு வளைவைக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் காலையில், கிளம்பும் நேரத்தில் வீட்டிலிருந்து போன் வந்தது. மகள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்ன, நீதிபதி முழிச்சாச்சா?" என்றாள் அம்மா.

"கண்ணை மூடிக்கிட்டே விசாரணை நடக்குதும்மா."

"ஏங்க, பொண்ணு ஓட்டறதைப் பாருங்கன்னு அனுப்பினா தூங்கிட்டா வர்றீங்க?"

"யார் தூங்கறா? யோசிச்சுக்கிட்டு வர்றேன்."

"எனக்குத் தெரியாதா? நீங்க யோசிச்சா குறட்டை வரும். சரி சரி, வர்றப்போ நல்ல பூசணிக்காயா ஒண்ணு வாங்கிட்டு வாங்க. இவ வேலைக்குப் போனா கொண்டாடச் சமைக்கிறேன். போகலேன்னா உங்க தலையில போட்டு உடைக்கிறேன்."

ஸ்டெப்னி சிரித்துக்கொண்டே சாவியைத் திருகினாள். "கேட்டீங்களாப்பா? சொல்லுங்க, போலாமா?"

"ம். கிளம்பு."

"கிளம்புன்னா எந்த வண்டி கிளம்பும்? சொல்ல வேண்டியதைச் சொல்லுங்க."

"பெட்ரோல் இருக்கில்ல? கிளம்பும்."

இரண்டு நாளாக இதே கதைதான். நிறுத்திய இடத்திலெல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டாள். அந்த வார்த்தை மட்டும் வரவில்லை.

மத்தியானத்துக்கு முன்னால் ஒரு திருப்பத்தில் டீக்கடை வந்தது. பக்கத்திலேயே காய்கறிக் கடை. சூடான டீ உள்ளே போனதும் கண்டக்டருக்கு உடம்பு இளகியது. தரையில் நிற்கிறோம் என்ற தைரியமும் சேர்ந்தது. காய்களைத் தட்டித் தட்டிப் பார்த்து, கைக்குழந்தை கனத்தில் ஒரு பூசணிக்காயைத் தேர்ந்தெடுத்தார். மகள் அதற்குள் டிரைவர் சீட்டில் ஏறி, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்டக்டர் பின் கதவைத் திறந்தார். பூசணிக்காயை இடது ஓரத்தில் உட்காரவைத்தார். வளைவில் உருண்டு கதவில் மோதிவிடுமே! தலையிலிருந்த மஃப்ளரை அவிழ்த்து அதற்குச் சுற்றினார். சீட் பெல்ட்டையும் மாட்டினார். போனும் பையும் ஏற்கெனவே உள்ளேதான் இருந்தன. ஏறுவதற்கு வாகாகச் சுற்றி வந்து மறுபக்கக் கதவால் ஏறலாம் என்று இந்தக் கதவை அறைந்து சாத்தினார்.

கதவு சாத்திய சத்தம் காதில் விழுந்ததுதான் தாமதம். கை தானாக எழுந்து காரின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டியது. இரண்டு நாளாகப் பூட்டிக் கிடந்த வாய் தானாகத் திறந்தது.

"போலாம் ரைட்!"

கார் கிளம்பிவிட்டது.

கிளம்பாமல் என்ன செய்யும்? கட்டில் காலத்திலிருந்து அந்தக் குரலுக்குக் கிளம்பிப் பழகியவள் அல்லவா? கண்டக்டரும் பழக்கதோஷத்தில் இரண்டு எட்டு ஓடினார். ரைட் கொடுத்துவிட்டு, நகரும் வண்டியின் பின்படியில் தாவி ஏறுவதுதான் அவருடைய வழக்கம். காருக்குப் பின்படி ஏது? வெறுங்காற்றைப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் நின்றார். காரோ வளைவில் திரும்பி மறைந்தது.

"என்ன பெரியவரே, விட்டுட்டுப் போயிட்டாங்களா?" என்றார் டீக்கடைக்காரர்.

"விட்டுட்டுப் போகலை. நான்தான் அனுப்பி வெச்சேன்."

அவர் அதிர்ஷ்டம், பின்னாலேயே மலை பஸ் ஒன்று முக்கிக்கொண்டு வந்தது. கையைக் காட்டி ஏறினார். அந்தப் பஸ்ஸின் கண்டக்டர் தடித்த மீசைக்காரர்.

"எங்கே போகணும்?"

"ஸ்டாஃப்" என்றார் இவர். அந்த ஒரு சொல்லில் மீசைக்காரர் முகம் மலர்ந்தது.

"அடடே, வாங்கண்ணே! எந்த டிப்போ? ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"முன்னாடி வெள்ளைக் கார் போகுது பாருங்க, அதுல என் பொண்ணு இருக்கா. நான் இல்லை. அது அவளுக்குத் தெரியாது."

மலை டிப்போ வேலையில் தொடங்கி எல்லாவற்றையும் மீசைக்காரருக்குப் புரியவைப்பதற்குள் இரண்டு வளைவு தாண்டிவிட்டது. புரிந்ததும் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ரைட் குடுத்துட்டு ஏறாம நின்னீங்களா? அண்ணே, நம்ம ஆளுங்களைத் தவிர உலகத்துல எவனுக்கும் இது நடக்காது!"

கண்டக்டர் அவரைத் தாண்டி முன்னால் ஓடி, டிரைவருக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்களை அகலத் திறந்துகொண்டு தேடினார். மலையில் கண் திறந்து எத்தனை காலம்! பள்ளத்தாக்கு முழுக்க வெயில். அதில் மேகத்தின் நிழல் ஒன்று ஊர்ந்து போனது. பயப்படக்கூட அவருக்கு நேரமில்லை. மேலே, இரண்டு திருப்பத்துக்கு அப்பால், வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தது.

"அதோ!"

மூக்குக்கண்ணாடி போட்ட டிரைவர் நிமிர்ந்து பார்த்தார். "அதா உங்க பொண்ணு? நானும் அப்போலேருந்து பார்த்துக்கிட்டு வர்றேன். ஆரன் அடிக்க வேண்டிய இடத்துல அடிக்குது, அடக்கி வாசிக்க வேண்டிய இடத்துல அடக்குது. வளைவுல பாருங்க, பால் சட்டியைத் தலையில வெச்சுக்கிட்டுப் போற மாதிரி. யார் சொல்லிக் குடுத்தது?"

தட்டைச் சுழற்றிக் கட்டில் ஓட்டிய பிஞ்சுக் கைகள் கண்டக்டரின் கண்ணுக்குள் வந்து நின்றன. இத்தனை அழகையும் கண்ணை மூடிக்கொண்டு வீணடித்தேனே என்று அடித்துக்கொண்டது மனசு.

அப்போதுதான் மேலே இருந்து மரம் ஏற்றிய லாரி ஒன்று இறங்கியது. குறுகலான இடம். காரும் லாரியும் முகத்துக்கு முகம் நின்றன.

"ஏறுற வண்டிக்குத்தான் வழி விடணும்" என்றார் மூக்குக்கண்ணாடி, பஸ்ஸைக் கீழ்த் திருப்பத்திலேயே ஒதுக்கி நிறுத்தியபடி. "ஆனா அவ்வளவு லோடோட லாரி பின்னாடி போக முடியாது. உங்க பொண்ணுதான் இறங்கணும். அந்த மரத்தடி வரைக்கும் ரிவர்ஸ்லயே வரணும். பக்கத்துல பள்ளம் வேற."

கண்டக்டரின் கை சட்டைப் பைக்குப் போனது. விசில் உதட்டுக்கு வந்தது. பின்னால் வரும் வண்டிக்கு வழி சொல்வதுதானே அவர் வாழ்க்கை? மூச்சை இழுத்தார். காதில் மறுபடியும் பாறையில் தகரம் கிழிந்தது.

ஊதவில்லை. அவள் வண்டி, அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்று விசிலைக் கையில் பிடித்துக்கொண்டார்.

கார் பின்னால் வந்தது. அவசரமில்லாமல் வந்தது. வளைவோடு வளைந்து, மலைப்பக்கமாக ஒட்டி, மரத்தடியில் அழகாகச் செருகிக்கொண்டு நின்றது. எந்தச் சத்தமும் கேட்கவில்லை. எங்கோ ஒரு குருவி மட்டும் கத்தியது. லாரி டிரைவர் காரைக் கடக்கும்போது நெற்றியில் கை வைத்துச் சலாம் போட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

பஸ்ஸே கை தட்டியது. கண்டக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜன்னலில் தலையை நீட்டினார். நெஞ்சில் இருந்த காற்றையெல்லாம் சேர்த்து, மலை அதிர, ரைட்டுக்கான இரண்டு விசில் ஊதினார்.

கார் மறுபடியும் கிளம்பிவிட்டது!

"போச்சு" என்றார் மீசைக்காரர். "இனிமே நீங்க வாயையே திறக்காதீங்கண்ணே."

பத்தடி போன கார் சட்டென்று நின்றது. விசில் பின் சீட்டிலிருந்து வரவில்லை, கீழே இருந்து வந்தது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். கதவு திறந்தது. ஸ்டெப்னி இறங்கிப் பின் சீட்டை எட்டிப் பார்த்தாள். தலையில் கை வைத்தாள். பிறகு கீழே பார்த்தாள். பஸ் ஜன்னலில் அப்பா கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

ஓடி வந்தாள். அவரும் இறங்கி ஓடினார். நடுவழியில் கட்டிக்கொண்டார்கள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"அப்பா! நீங்க இங்கேன்னா, அப்போ மஃப்ளரைச் சுத்திக்கிட்டு என் பின்னாடி தூங்கினது யாரு?"

"பூசணிக்காய்."

"ஐயோ, அதுகிட்டயா இவ்வளவு நேரம் மனசு விட்டுப் பேசினேன்?"

"என்ன பேசினே?"

அவள் முகம் மாறியது. "நீங்க கண்ணை இறுக மூடிக்கிட்டு வர்றதைக் கண்ணாடியில பார்த்துக்கிட்டேதான் வந்தேன். தூக்கம் இல்லை, பயம்னு தெரிஞ்சுதுப்பா. உங்களை இப்படிப் பயமுறுத்தி எனக்கு ஒரு வேலை வேணுமா? ஆபீஸ் நாற்காலிக்கே போறேன், சரியாப்பான்னு கேட்டேன். பதில் வரலை. சரி, சம்மதம்தான் போலன்னு முடிவு பண்ணிட்டேன்."

கண்டக்டர் பதறிப்போனார். "பூசணிக்காய் பேச்சைக் கேட்டு வேலையை விடுவாங்களா? நான் பார்த்தேன்மா. கண்ணைத் திறந்து பார்த்தேன். முழுசாப் பார்த்தேன். உன் பின்னாடி உட்கார்ந்திருந்தா இந்த ஜென்மத்துல பார்த்திருக்கமாட்டேன்."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "அப்போ, டீக்கடையில சொன்னீங்களே?"

"அது வாய் சொன்னது. கணக்குல வராது."

"இப்போ ஊதின விசில்?"

"அது நான் ஊதினது."

கீழே பஸ் ஆரன் அடித்தது. மீசைக்காரர் படியில் தொங்கிக்கொண்டு கத்தினார். "அண்ணே, பொண்ணு அடுத்த வாரம் எங்க டிப்போவுக்குத்தானே வருது? மீதியை அப்போ பேசிக்கலாம். வழியை அடைச்சுக்கிட்டு நிக்கிறீங்க, ரைட் குடுங்க!"

ஸ்டெப்னி ஓடிப்போய் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தாள். கண்டக்டர் பழக்கத்தில் பின் கதவுக்குப் போனார். அங்கே பூசணிக்காய் அவர் மஃப்ளரோடு சொகுசாகச் சாய்ந்திருந்தது. அதைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, முன் கதவைத் திறந்து, மகளுக்குப் பக்கத்தில் ஏறினார்.

கை டேஷ்போர்டை நோக்கிப் போனது.

"இருங்க, இருங்க!" என்றாள் அவள். "உள்ளே ஏறியாச்சா?"

"ஏறியாச்சு."

"கதவு சாத்தியாச்சா?"

"சாத்தியாச்சு."

"கண்ணு?"

"திறந்திருக்கு."

"இப்போ சொல்லுங்க."

கண்டக்டர் இரண்டு தட்டுத் தட்டினார்.