வெள்ளைப் பலகைக்குப் பூசிய சாயம்

கனடாவிலிருந்து வந்த கூட்டாளி ஒருவன் மீன் வெட்டும் பலகை ஒன்று தந்துவிட்டுப் போனான். மேப்பிள் மரம். தூக்கியதும் கனத்திலேயே தெரிந்துவிட்டது. நெருக்கமான மரம், அறக்குளா வெட்டிக் கழுவினாலும் கவிச்சி தங்காது. ஆனால் அதைக் கண்டதும் கவிழ்த்து மூலையில் வைத்துவிட்டேன். பலகை என்ன பாவம் செய்தது?

நான் கல்முனையில் தளபாடக் கடையொன்றில் வேலை செய்த காலத்தில், பொத்துவில் பக்கம் ஒரு ஹோட்டலை உடைத்தார்கள். அதன் நடனத் தளத்து மேப்பிள் பலகைகளை எங்கள் முதலாளி வாங்கி வந்தார். தேக்கும் முதிரையும் சீவிய கைக்கு அது வேறு சாதி. சீவுளி அலகு சீக்கிரம் மழுங்கிவிடும். மெஷின் வாளில் கொஞ்சம் தயங்கினால் மரம் கருகி, தொதல் கிண்டும்போது சீனிப்பாகு அடிப்பிடித்த வாசம் வரும். மழையில் விட்டால் உளுத்துப்போகும். வீட்டுக்குள் வைத்தால் பேரப்பிள்ளை காலத்துக்கும் நிற்கும். சீவி முடித்தால் தேங்காய்ப்பூ நிறம். அதில்தான் என் உடன்பிறந்த ராத்தாவின் கலியாணத்துக்கு அலுமாரி செய்தேன்.

எங்கள் பக்கம் பெண்ணுக்கு வீடு கொடுப்பார்கள், வீட்டுக்குள் சாமானும் கொடுப்பார்கள். மாப்பிள்ளையின் உம்மா பார்க்க வந்தார்.

"என்ன மனே இது, பெட்டியடிக்கிற பலகை மாதிரி வெளிறிக் கிடக்கு? தேக்கு நிறமாக்கி வைங்க."

"மாமி, இந்த மரம் சாயம் குடிக்காது. திட்டுத் திட்டா நிக்கும்."

"பூசினா ஏறாத சாயமும் இருக்கா?" என்றவர், கதவடியில் நின்ற ராத்தாவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எங்கள் உம்மாவிடம், "புள்ளைக்கு ஒரு குறையுமில்ல. நிறந்தான் கொஞ்சம் மட்டு. இப்ப நல்ல கிறீமெல்லாம் வருகுதுதானே" என்றார்.

அலுமாரி கறுக்க வேண்டும், ராத்தா வெளுக்க வேண்டும். இந்த நியாயத்தை எந்த ஊரில் போய்ச் சொல்வது? உம்மா வெற்றிலைத் தட்டை மாமியின் பக்கம் நகர்த்தினார். 'காரியம் ஆகுமட்டும் காதப் பொத்திக்க' என்பது அவரின் சொல்.

சாயம் பூசினேன். சொன்னபடியே திட்டுத் திட்டாக நின்றது. "தேமல் புடிச்ச மாதிரி" என்று மாமி சிரித்தார். மறுபடி முழுவதையும் சீவி, மரத்தின் நிறத்தை மீட்டேன். மரமென்றபடியால் முடிந்தது.

மாமி சொன்னபடி ராத்தா பூசிய கிறீம் டப்பாவில் என்ன கலந்ததென்று ஓர் எழுத்தும் இல்லை. முதலில் வெளுத்தாள்; மாமிக்குச் சந்தோசம். பிறகு கன்னம் இரண்டிலும் கறுத்த திட்டுகள் விழுந்தன. இனிப் பழைய நிறம் வராது என்று டொக்டர் சொல்லிவிட்டார். மாமி கேட்டது ஒன்றுதான்: "நானா அந்தச் சாமானை வாங்கிக் குடுத்தது?"

இப்போது அந்தத் தளபாடக் கடை இருந்த இடத்தில் போன் விற்கிறார்கள். மாமியும் மௌத்தாகி மண்ணுக்குப் போய்விட்டார். குளித்துவிட்டு வந்தால் புளியங்கொட்டை மாதிரி மினுங்குமே ராத்தாவின் முகம், அது எந்தப் போட்டோவிலும் இல்லை. கலியாணப் படத்தில்கூட முகம் முழுக்கப் பவுடர்.

போன வெள்ளிக்கிழமை ராத்தாவின் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். வந்தவர்களில் ஒருத்தி, "புள்ள நிறம் கொஞ்சம் மட்டோ?" என்று இழுத்தாள். ராத்தா எழும்பினாள். அவர்கள் குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணிக் கோப்பைகளை ஒவ்வொன்றாகக் கையிலிருந்து வாங்கினாள்.

"ஓம், கறுப்புத்தான்," என்றாள். "எழும்புங்க."