வழிதிறக்கும் பாட்டு

லூங்தாங் ஊருக்கு இன்று போனால் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை யின்ஹுவாவின் குரலைக் கேட்கலாம். ஊருக்குள் நுழையும் டிக்கெட் வாசலில் ஒரு கம்பம் நட்டு, அதன் உச்சியில் ஒலிபெருக்கி கட்டியிருக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகள் அண்ணாந்து பார்த்து, "என்ன குரல்" என்பார்கள். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி வாசலுக்கு வெளியே, ஆற்றின் மேலுள்ள கூரைப் பாலத்தின் பலகையில் உட்கார்ந்திருப்பாள். ஊருக்குள் அவள் பாடுவதை நிறுத்தி இரண்டு வருடமாகிறது.

யின்ஹுவா அந்த ஊர்ப் பெண்கள் குழுவின் மேல்குரல். ஒரு குழுவுக்கு ஒரே மேல்குரல்தான். மற்றவர்கள் கீழே பிடித்துக்கொண்டு போவார்கள். அதில் முதல் ஆள் யூலான். பன்னிரண்டு வயதிலிருந்து இருவரும் ஒரே கணப்படுப்பில் குளிர்காய்ந்தவர்கள். மூச்சை எங்கே விடுவது, எங்கே பிடிப்பது என்று ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொள்ளத் தேவையே இருந்ததில்லை. கணவனோடுகூட இப்படிச் சேர்ந்து மூச்சுவிட்டதில்லை என்று யின்ஹுவா ஒருமுறை சொல்லப்போக, ஊர் கூடும் முரசு கோபுரத்தடியில் இருந்த பெண்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அங்கே விருந்தாளி வந்தால் உடனே உள்ளே விடமாட்டார்கள். வழியில் மரக்கிளையையும் கூடையையும் வைக்கோல் கயிற்றையும் போட்டு மறித்துப் பாடுவார்கள். 'எங்கள் ஊரில் கோழி அடைகாக்கிறது, வராதே. எங்கள் தெருவில் நெல் காய்கிறது, மிதிக்காதே.' விருந்தாளிகள் பதிலுக்குப் பாடிக் கெஞ்ச வேண்டும். கடைசியில் மேல்குரல் வழிதிறக்கும் பாட்டை எடுப்பாள். 'குஞ்சு பொரிந்தது, நெல் உலர்ந்தது, கிளையை எடுத்துவிட்டேன், வா.' அதைக் கேட்ட பிறகு விருந்தாளி வெளியே நிற்கக் கூடாது. நின்றால் அந்த ஊரையே அவமதித்ததாகும். அதற்காகவே கல்யாணப் பேச்சு முறிந்த கதையெல்லாம் அங்கே உண்டு.

ஊரைச் சுற்றுலா இடமாக்கி வாசலில் டிக்கெட் போட்ட கம்பெனி வந்த பிறகு பெண்கள் பயணிகளுக்காகத் தினமும் வழிமறித்துப் பாடினார்கள். மறிக்கும் பாட்டு மட்டும்தான். வழிதிறக்கும் பாட்டைப் பாட யின்ஹுவா ஒப்பவே இல்லை. "டிக்கெட் வாங்கினவனுக்கு நான் எதுக்கு வழி தெறக்கணும்? அவன் காசு குடுத்துத் தெறந்துக்கிட்டான்," என்றாள். மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டான்.

அவளுடைய மகள் சிங்மெய், ஆற்றுக்கு அந்தப் பக்கம் காவ்பே ஊரில் வாழ்க்கைப்பட்டவள். அம்மா வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவளும் டிக்கெட் எடுக்க வேண்டும். பெற்ற வீட்டுக்கு வரச் சீட்டு கேட்கிற உலகத்தை யின்ஹுவாவால் செரித்துக்கொள்ள முடியவில்லை. இருந்தும் பல்லைக் கடித்துப் பொறுத்தாள். புத்தாண்டு கழிந்து காவ்பே ஊரே திரண்டு விருந்துக்கு வரும் முறை வந்தபோதுதான் பொறுமை தீர்ந்தது. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து வருகிற விருந்து அது. அவர்களிடமும் தலைக்கு ஒரு டிக்கெட் கேட்டான் மேனேஜர்.

முரசு கோபுரத்தில் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். காவ்பேக்காரர்கள் கூரைப் பாலத்தில் உட்கார்ந்திருப்பார்கள். டிக்கெட் எடுக்க மாட்டார்கள். லூங்தாங் பெண்கள் பயணிகளுக்கு ஒரு வரிகூடப் பாட மாட்டார்கள். கம்பெனி இறங்கி வந்ததும் யின்ஹுவா வழிதிறக்கும் பாட்டை எடுப்பாள். அதைக் கேட்டால் உள்ளே வரலாம். ஒரே கிண்ணத்தில் அரிசி மதுவை ஊற்றி எல்லாப் பெண்களும் ஒரு மடக்குக் குடித்துச் சத்தியம் செய்தார்கள். யின்ஹுவா குடித்துவிட்டுக் கிண்ணத்தை யூலானிடம்தான் நீட்டினாள். யூலான் இரண்டு மடக்குக் குடித்தாள்.

விடுமுறைக் கூட்டம் வாசலில் முட்டி மோதியது. பாட்டு எங்கே என்று பயணிகள் சண்டை போட்டார்கள். பாலத்தில் காவ்பேக்காரர்கள் முட்டை வெண்கரு பூசி அடித்த பளபளக்கும் நீலத்துணி உடுத்தி, விருந்துக்குக் கொண்டுவந்த புளித்த மீன் சாடிகளை முன்னால் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்கள். மறுநாள் மத்தியானம் மேனேஜர் ஆள் அனுப்பினான். சாயங்காலம் பேசலாம் என்றான்.

"இறங்கிட்டான்டி," என்றாள் யின்ஹுவா. விருந்துக்குப் பொரியரிசி போட்ட எண்ணெய்த் தேநீர் காய்ச்ச அவசரமாக வீட்டுக்கு ஓடினாள்.

பொரியரிசியை அள்ளும்போது அந்தப் பாட்டு கேட்டது. குஞ்சு பொரிந்தது, நெல் உலர்ந்தது. யாரோ நன்றாகப் பாடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு கை தானாகத் தொண்டைக்குப் போனது. வாய் மூடித்தான் இருந்தது. பாடுவது அவள்தான். அடியில் யூலானின் கீழ்க்குரல்.

போன குளிர்காலம் நினைவுக்கு வந்தது. யூலான் வீட்டுக் கணப்படுப்பு. "என் மருமக குவாங்டோங் ஃபாக்டரில கெடக்கா. ஊருப் பாட்டே தெரியாம போச்சுன்னு அழுவறா. ஒரே ஒரு தடவ வழி தெறக்கற பாட்டப் பாடேன், போன்ல புடிச்சு அனுப்பறேன்," என்றாள் யூலான். "விருந்தாளி இல்லாம அதப் பாடக் கூடாதுடி," என்றாள் யின்ஹுவா. "நான் யாரு, அந்நியமா?" என்று யூலான் முகத்தைத் தூக்கிக்கொண்டாள். அந்த முகத்துக்காகப் பாடினாள். யூலானும் கீழே பிடித்தாள்.

பாட்டு வந்த வாசல் கம்பத்து ஒலிபெருக்கியை நோக்கி யின்ஹுவா ஓடினாள். அதற்குள் காவ்பேக்காரர்கள் வரிசையாக உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் டிக்கெட். முன்னால் சிங்மெய்யின் மாமனார் யாங்.

"சம்பந்தி, நில்லுங்க. அது நான் பாடல."

"நாங்க வழி வளைவுக்கு அந்தப் பக்கம் பாலத்துல உக்காந்திருந்தோம், சம்பந்தியம்மா. கண்ணாலயா பாக்க முடியும்? உங்க குரல் கேட்டுச்சு. வழி தெறந்தீங்க. வராம நின்னா உங்களுக்கு அவமானம்னு வந்தோம்," என்றார் அவர். "வாசல்ல பாத்தா இன்னும் டிக்கெட்டுதான் கேக்கறான். கூப்பிட்ட பொறவு திரும்பிப் போறது எங்க ஊர் வழக்கமில்ல. அதனால குடுத்தோம்."

"அது ரெக்கார்டுங்க. நம்புங்க."

"ரெக்கார்டுனாலும் அதுக்குள்ள பாடினது யாரு?"

சிங்மெய் மாமனாருக்குப் பின்னால் தலை குனிந்து நின்றாள். அம்மாவைப் பார்க்கவில்லை. அன்று விருந்தில் காவ்பேக்காரர்கள் முறைக்காக ஒரு கிண்ணம் குடித்தார்கள். மீன் சாடிகளைத் திறக்காமலே எடுத்துப் போனார்கள். ஊர்ப் பெண்களிலும் பாதிப் பேருக்கு யின்ஹுவாதான் கம்பெனியிடம் விலைபோனவள். யூலான் பெயரை யாரும் எடுக்கவில்லை. கீழ்க்குரலை யார் கவனிக்கிறார்கள்?

விருந்து பரிமாறும் முன்பே யூலான் யின்ஹுவாவின் சமையற்கட்டுக்கு வந்து, ஒன்றும் நடக்காதது போல எண்ணெய்த் தேநீர்ச் சட்டியைக் கிளறத் தொடங்கினாள். கூட இருந்தே குழி பறித்தவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். குழி பறித்த கையோடு வந்து அடுப்பைக் கிளறியவளைப் பற்றி இப்போதுதான் கேள்விப்பட்டேன்.

"ஏன்டி?" என்றாள் யின்ஹுவா.

"அந்தப் பாட்டக் குடுத்தா என் பையனுக்கு வாசல் பக்கத்துல கடை தரேன்னாங்க. ரெண்டு வருஷமா சும்மா இருக்கான், உனக்குத் தெரியும்ல."

"என்கிட்ட கேட்டிருந்தா?"

"கேட்டா நீ வேணாம்னுதானே சொல்லுவ. பாட்டுதானடி, காத்தோட போறது. நெலமா, வீடா?"

"என் குரலாலயே என் சம்பந்தி மொகத்துல அறைஞ்சிட்டியேடி."

யூலான் கரண்டியை வைத்தாள். "ராத்திரி கோபுரத்துல பாடணும். எந்தப் பாட்டு எடுக்கப்போற?" என்று கேட்டாள்.

"நான் எதுக்கு உனக்கு? அந்தக் கம்பத்துல இருக்கேனே, அவகூடப் பாடிக்கோ."

அதுதான் அவள் யூலானிடம் பேசிய கடைசிப் பேச்சு. யூலானின் மகன் கடையில் இன்று வெள்ளி வளையலும் ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தப்படமும் விற்கிறான். வியாபாரம் நன்றாகவே நடக்கிறது. கெடுவான் கேடு நினைப்பான் என்பதெல்லாம் கதைக்குத்தான் சரி.

காவ்பேக்காரர்கள் பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை. சிங்மெய் மட்டும் ஒரு வருடம் கழித்துப் பாலம் வரை வந்தாள். அப்போதிலிருந்து அம்மா வெளியே வர, மகள் பாலத்துக்கு வர, நடுப் பலகையில் உட்கார்ந்து ஒட்டும் அரிசிச் சோற்றை வாழையிலையில் பிரித்துத் தின்பார்கள். அந்தப் பாட்டைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதில்லை.

போன வாரம் அப்படித் தின்றுகொண்டிருக்கும்போது ஒலிபெருக்கி தொடங்கியது. குஞ்சு பொரிந்தது, நெல் உலர்ந்தது, கிளையை எடுத்துவிட்டேன், வா. சிங்மெய்யின் உடம்பு தானாகப் பாதி எழுந்துவிட்டது. பிறந்ததிலிருந்து அந்தக் குரல் கூப்பிட்டால் வீட்டுக்கு ஓடிப் பழகிய கால்கள்.

யின்ஹுவா அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருடி," என்றாள். "நான் இங்கதான் இருக்கேன்."