ராகுகாலத்துப் பாதை

தம்பியின் கலியாணத்துக்குப் பயணத் திட்டம் போடும் பொறுப்பை எனக்கு ஒருவரும் தரவில்லை. நானே பிடுங்கி எடுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் எல்லோரும் ஆறுதலாகக் கதைத்து, ஆறுதலாக வெளிக்கிட்டு, எல்லா இடத்துக்கும் பிந்திப் போகிறவர்கள். அந்த அவசரமில்லாத ஆறுதலைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் வீடு வட்டுக்கோட்டையில். பெண் வீடு ஊர்காவற்றுறையில். பண்ணைப் பாலத்தால் சுற்றிப் போகலாம்தான். ஆனால் பாலத்தடிக் கோட்டைக்குள் ஆமி முகாமிட்டிருந்து, நாளுக்கொரு சூட்டுக் கதை வந்துகொண்டிருந்த காலம் அது. மாப்பிள்ளையை அந்த வழியால் கொண்டுபோக ஒருவருக்கும் மனமில்லை. மிச்சம் காரைநகரிலிருந்து புறப்படும் பாதைதான். காரையும் சனத்தையும் ஏற்றிக்கொண்டு கடலைக் கடக்கும் தட்டையான மிதவையை நாங்கள் பாதை என்றுதான் சொல்வோம். ஒரு தடவைக்கு நாலு கார் ஏறினாலே பெரிய காரியம். ஆனி மாதத்தில் நயினாதீவுத் திருவிழாவும் கலியாணங்களும் சேர்ந்து வந்தால் கேட்கவே வேண்டாம்.

பிந்தக் கூடாது என்று நான் துடித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தப் பிள்ளைக்கு முன்பொரு கலியாணம் பேசி, பந்தலும் போட்டு, முகூர்த்தம் கடந்தும் மாப்பிள்ளை வராமல் நின்றுபோயிருந்தது. ஏன் என்று ஒருவரும் சரியாகச் சொல்லவில்லை. வந்த சனம் சாப்பிடாமல் எழுந்து போனதாம். அதைக் கேட்ட நாளிலிருந்து, முகம் பார்க்காமலே அவள்மேல் எனக்குப் பாசம் வந்துவிட்டது. இன்னொரு தரம் அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

முகூர்த்தம் பதினொரு மணியோடு முடிகிறது. விடியவே அக்கரைக்குப் போய்விடுவோம் என்றேன். பாலும் அறுகம்புல்லும் தலையில் வைத்துத் தம்பியை முழுகவார்க்காமல் எப்படி என்றார் அம்மா. அது முடிய ஏழரை ஆகிவிடும். திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகுகாலம். அந்த நேரத்தில் மாப்பிள்ளை வாசல் படலையைத் தாண்ட அம்மா விடமாட்டார். சரி, ஒன்பது அடித்ததும் வெளிக்கிட்டால் பத்து மணிக்கு அக்கரையில் நிற்கலாம் என்று கணக்குப் போட்டேன். கெட்டித்தனமான கணக்கென்று என்னை நானே மெச்சியும் கொண்டேன்.

எங்கள் ஊரில் எந்தப் பஞ்சாங்கத்தைப் புரட்டினாலும் ராகுகாலம் ஒன்றுதான் என்பது எனக்கு உறைக்கவில்லை. துறைக்குப் போனபோது கார் வரிசை வளைந்து வீதிவரை நின்றது. எல்லோரும் ஒன்பது அடித்ததும் வெளிக்கிட்டவர்கள். காரைநகர்ச் சனம் பக்கத்தில் இருந்ததால் எங்களுக்கு முன்னால். மாப்பிள்ளைக் காருக்கு வழி விடுவது வழக்கம்தானே என்று நான் இறங்கி முன்னுக்கு நடந்தேன். அங்கே ஏற்கனவே இரண்டு மாப்பிள்ளைமார் தலைப்பாகையோடு வியர்த்துக்கொண்டு நின்றார்கள். நல்ல நாள் எங்களுக்கு மட்டுமா நல்ல நாள்? ராகுகாலத்தில் வந்துபோன பாதை காற்று வாங்கிக்கொண்டு போனதென்று சோடா விற்றவர் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. அழுதால் அம்மா பயந்துவிடுவார் என்று தம்பியைத்தான் ஏசினேன்.

அப்போது வரிசையில் ஒவ்வொரு காராகக் குனிந்து பார்த்தபடி ஒருவர் வந்தார். பட்டு வேட்டி, தோளில் சால்வை. பெண்ணின் தகப்பன். இந்த நேரத்தில் பந்தலில் நிற்கவேண்டிய மனிசன்.

"வந்திட்டியள்," என்றார்.  தம்பியின் கையைப் பிடித்தார். 

வெறுமையாக வந்த பாதையில் தன் பழைய காரை ஏற்றிக்கொண்டு வந்தவர் அவர்தான். வந்ததும், எங்களை ஏற்றிப்போகவென்று காரைத் திருப்பி வரிசையின் முதலாவதாக விட்டிருந்தார். தம்பியும் மாப்பிள்ளைத் தோழனும் அம்மாவும் கூறைச் சேலைத் தட்டோடு நானும் அதில் நெருக்கி ஏறினோம். மற்றவர்கள் பிறகு வருவதாக ஏற்பாடு. பாதை நகர்ந்த பிறகுதான் அம்மா மெல்லக் கேட்டார், ராகுகாலத்திலா வெளிக்கிட்டீர்கள் என்று.

"ராகுகாலம் எனக்குத்தானே, அம்மா," என்றார் அவர். "தம்பி நல்ல நேரத்திலைதானே வாறார்."



மணவறையில் தம்பி கூறையைக் கொடுத்ததும், உடுத்திவிட நான் அவளோடு அறைக்குள் போனேன். மாப்பிள்ளையின் அக்காவுக்குரிய வேலை அது. கொசுவம் மடித்துக்கொண்டிருந்தபோது அவள் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"மச்சாள், அப்பா காலமை காரை எடுத்துக்கொண்டு போனவர். ஆருக்கும் சொல்லேல்லை. எங்கை போனவரெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

சொன்னேன். துறையில் அவர் ஒவ்வொரு காராகக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்ததையும் சொன்னேன்.  அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். என் சேலைச் சட்டை நனைவது தெரிந்தது.

வெளியே நேரம் போகிறதென்று கதவைத் தட்டினார்கள். முகூர்த்தம் முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

"ஆறுதலாய் வருவா, பொறுங்கோ," என்றேன் நான்.