வாசலில் நின்று கும்பிட்ட யோகமக்கா

நான் அளவையியல், அதாவது தர்க்கம், படிப்பிக்கிற ரீச்சர். அதனால் இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பக்கத்து வீட்டு யோகமக்கா அன்று கோயிலுக்குள் வராமல் வாசலில் நின்றே கும்பிட்டார். அவருடைய தகப்பன், ஐயா, கடும் வருத்தமாகப் படுக்கையில் கிடந்தவர். சாத்துடக்கு, செத்த வீட்டுத் தீட்டு, என்றால் உள்ளே வரமாட்டார்கள்தானே? ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து அழுதேன்.

"ஐயா எப்பயக்கா மோசம் போனவர்?"

அவர் கோபிக்கவில்லை.

"துடக்கெண்டால் வரமாட்டன், ரீச்சர். வராட்டில் துடக்கெண்டு ஆர் சொன்னது? ஐயா ஆசைப்பட்டாரெண்டு மீன் சொதி வைச்சு, நானும் சாப்பிட்டிட்டன். அதுதான் உள்ளுக்கு வரேல்லை."

அடுத்த நாள் தலைக்குத் தோய்ந்துவிட்டு வந்தவர் என்னைக் கண்டு சிரித்தார்.

"இப்ப உள்ளுக்குப் போறன். அப்ப துடக்கில்லை. உதிலை பிழை பிடிக்கேலாது."

நான் கரும்பலகை நிறைய எழுதி விளங்கப்படுத்துவதை அவர் வாசற்படியிலேயே முடித்துவிட்டார். இப்போது பிள்ளைகளின் தாளில் அந்தப் பிழைக்குச் சிவப்புக் கோடு போடும்போது, உயிரோடிருந்த ஐயாவுக்காக நான் அழுத அழுகை நினைவு வரும். கோடு சின்னதாகத்தான் விழும்.